சி.டி.ஆர்.எஸ். தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு

அமெரிக்காவில் ரெக்ரியேஷனல் தெரபி (விளையாட்டு, கலை, பொழுதுபோக்கு வழியாக அளிக்கும் சிகிச்சை) படித்து மருத்துவமனை வேலைக்குப் போக நினைப்பவர்களிடம் பெரும்பாலும் இத்துறை நிபுணருக்கான சி.டி.ஆர்.எஸ். சான்றிதழைக் கேட்பார்கள். 1981இல் தொடங்கிய என்.சி.டி.ஆர்.சி. என்ற அமைப்பு அதை வழங்குகிறது. வழக்கமான பாதை இதுதான்: இத்துறையில் இளங்கலைப் பட்டம், சான்றிதழ் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் தொடர்ந்து 14 வாரங்களுக்குக் குறையாமல் 560 மணி நேரப் பயிற்சி, பிறகு தேர்வு.

நோய்களின் பெயர்களையும் அறிகுறிகளையும் மனப்பாடம் செய்வதிலேயே பலர் நாட்களைச் செலவிடுகிறார்கள். அது தேவைதான், ஆனால் போதாது. மதிப்பிடு, திட்டமிடு, செயல்படுத்து, விளைவைப் பார் என்ற வரிசை உங்களுக்குள் ஊறியிருக்கிறதா என்பதைத்தான் கேள்விகள் சோதிக்கின்றன. பக்கவாதத்தால் இடக்கை தளர்ந்த ஒருவர் வார்டுக்குப் புதிதாக வருகிறார், முதலில் என்ன செய்வீர்கள்? தோட்ட வேலை, சீட்டாட்டம், ஓவியம் என்று விடைகள் கவர்ச்சியாக நிற்கும். அவரால் என்ன முடிகிறது, அவருக்கு எதில் விருப்பம் என்று அறியும் முன் எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

உயிருக்கு ஆபத்து வரும்போது மட்டும் இந்த வரிசை பின்னுக்குப் போகும். முதுகுத்தண்டில் டி6 (மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு) அளவிலோ அதற்கு மேலோ காயம்பட்டவருக்கு, நடவடிக்கையின் நடுவே திடீரென்று கடும் தலைவலி, முகச்சிவப்பு, வியர்வை வந்தால் அது ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்ற ஆபத்தான நிலையாக இருக்கலாம். ரத்த அழுத்தம் அபாயகரமாக ஏறும். உடனே நிமிர்ந்து உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே செவிலியரை அழைக்க வேண்டும். தேர்வுக்காக மட்டும் இதைப் படிக்காதீர்கள். அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் நீங்கள் மட்டுமே இருக்கக்கூடும்.

தலைக்காயம் பட்டவர் மீண்டுவருவதை நிலைகளாகப் பிரிக்கும் ரான்சோ லாஸ் அமிகோஸ் அளவுகோலையும் இப்படியே படியுங்கள். எண்களை ஒப்பிப்பதில் பயனில்லை. தலைக்காயத்துக்குப் பிறகு நான்காம் நிலையில், குழப்பமும் கொந்தளிப்புமாக இருப்பவரைக் கூட்டத்தில் உட்காரவைப்பது கொடுமை. அமைதியான அறை, பழகிய பொருள், சில நிமிடங்கள் போதும்.

நோயாளிக் குறிப்பு எழுதுவதில் அதிக நேரம் செலவிடுங்கள் என்பேன். "மகிழ்ச்சியாகக் கலந்துகொண்டார்" என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. "சீட்டுத் தாங்கியின் உதவியுடன், ஒரே ஒரு நினைவூட்டலுக்குப் பின், 20 நிமிடம் கவனம் சிதறாமல் ஆடினார்" என்றால் மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் அதை எடுத்துக்கொள்வார்கள். 2010 முதல், மறுவாழ்வு மருத்துவமனைகளுக்கான மெடிகேரின் (அரசு மருத்துவக் காப்பீடு) 'மூன்று மணி நேர' விதியில், அதாவது நோயாளிக்கு நாளொன்றுக்கு அளிக்க வேண்டிய சிகிச்சை நேரத்தில், நம் சிகிச்சை நேரம் கணக்கில் வருவதில்லை. வேறு சிகிச்சைகளோடு சேர்த்து அதை அளிக்கலாம் என்ற நிலைதான். அது நியாயமில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனாலேயே நாம் எழுதும் ஒவ்வொரு குறிப்பும் நம் வேலையின் பயனைக் காட்டும் சான்றாக இருக்க வேண்டும்.

பயிற்சி இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஊதியத்தையும் தூரத்தையும் பார்க்கும் முன் சிலவற்றைக் கேளுங்கள். கடைசி வாரங்களில் மதிப்பீட்டை நீங்களே செய்ய விடுவார்களா? சிகிச்சைக் குழுக் கூட்டத்தில் உங்களுக்கு இடம் உண்டா? நாள் முழுவதும் பிங்கோ விளையாட்டு நடத்தவைக்கும் இடமென்றால் வேண்டாம். மேற்பார்வையாளரின் சான்றிதழ் நடப்பில் இருப்பதையும் சேரும் முன்பே உறுதிசெய்யுங்கள்.

யூட்டா, வட கரோலினா, நியூ ஹாம்ப்ஷயர், ஓக்லஹோமா போன்ற மாநிலங்களில் தனியாக மாநில உரிமமும் வேண்டும். அங்கே வேலை தேடுகிறவர்கள் அதன் விதிகளைத் தேர்வுக்கு முன்பே படித்து, ஆவணங்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.