பரணிலிருந்து இறங்கிய பெட்டி

சிபியூவின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் முதலில் கண்ணில் பட்டவை பல்லி முட்டை ஓடுகள். மின்விசிறி இறக்கைகளில் நூலாம்படை தொங்கியது. அதற்குக் கீழே இரும்புக் கூட்டுக்குள் 40 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று, நான்கு திருகாணிகளும் துருப்பிடிக்காமல், அப்படியே இருந்தது.

"உயிர் இருக்கிறதா தம்பி?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"சுவிட்ச் போட்டுப் பார்த்தீர்களா?"

"பேரன் போட்டுப் பார்த்தான். திரையில் ஒன்றும் வரவில்லை."

திரை வராமல் போனதே நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். செங்கோட்டையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பழைய பெட்டிகள் நாளானதால் கெடுவதைவிட, ஆசையோடு அவற்றை ஓட்டிப் பார்ப்பதால் கெடுவதே அதிகம். விண்டோஸ் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் டிஸ்க்கில் எதையாவது எழுதுகிறது. அழித்த கோப்பு ஒன்று அங்கே இன்னும் கிடக்குமானால் அதன் மேலேயே எழுதிவிடலாம். சில சமயம் டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று தானாகத் தொடங்கி, படிக்க முடியாத இடங்களைச் 'சரிசெய்து' இருந்ததையும் சிதைத்துவிடும்.

அண்ணாச்சிக்கு எழுபத்தைந்து வயதைத் தாண்டியிருக்கும். ஒரு காலத்தில் இங்கே பேருந்து நிலையத்துக்கு அருகில் டிடிபி சென்டர், அதாவது கம்ப்யூட்டரில் அச்சுக்கான பக்கங்களை அடித்துக் கொடுக்கும் கடை, வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவரிடம்தான் அடிப்பார்கள். இந்த ஊர் முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. அதனால் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் சாதாரணம். ஒரே பத்திரிகையில் இடப்பக்கம் தமிழும் வலப்பக்கம் மலையாளமும் வேண்டும் என்பார்கள். இரண்டையும் பிழையில்லாமல் அடிக்கத் தெரிந்தவர் அப்போது அவர் ஒருவர்தான். கண் மங்கியதும் கடையை மூடிவிட்டு மகளோடு புனலூர் போய்விட்டார். பெட்டி மட்டும் இங்கே தம்பி வீட்டுப் பரணில் பதினோரு வருடம் கிடந்திருக்கிறது.

அவர் தேடி வந்தது பத்திரிகையை அல்ல. அவருடைய மனைவி மலைக்கு அந்தப் பக்கத்துத் தென்மலைக்காரர். பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கும் லேகியத்தைக் கிண்டுவதில் அந்தத் தெருவுக்கே பெயர் போனவர். அவர் சொல்லச் சொல்ல அண்ணாச்சி அதை 2005இல் தட்டி வைத்திருக்கிறார். அந்த அம்மா இப்போது இல்லை. மகள் வயிற்றுப் பேத்திக்கு ஏழாம் மாதம்.

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 2007இல் ஒருவர் வைரஸ் பிடித்த கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். "சி டிரைவில் ஏதாவது முக்கியமானது இருக்கிறதா?" என்று கேட்டேன். "இல்லை, எல்லாம் டெஸ்க்டாப்பில்தான் இருக்கிறது" என்றார். எனக்குக் காதில் விழுந்தது 'இல்லை' என்ற சொல் மட்டும்தான். டெஸ்க்டாப்பும் சி டிரைவுக்குள்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்குத் தெரியும். சி டிரைவை ஃபார்மட் செய்து புதிதாக விண்டோஸ் எக்ஸ்பி போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலையில், கடை திறக்கும் முன்பே, வாசலில் வந்து நின்றார். இறந்துபோன அவருடைய தகப்பனாரின் கடைசிப் படங்கள் அதில் இருந்தன. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு கிடைத்ததை மீட்டேன். கோப்புப் பட்டியல் போனாலும், படக் கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் அடையாளத்தை வைத்து டிஸ்க் முழுவதையும் சலித்து அது எடுத்துவிடும். ஆனால் கோப்புக்கு வைத்த பெயர் வராது. புதிய விண்டோஸ் எந்த இடத்தில் போய் உட்கார்ந்ததோ அங்கே இருந்த படங்கள் போனவை போனவைதான். பாதி முகம் வந்து, கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருந்த படத்தை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து யார் டிஸ்க்காக இருந்தாலும் முதலில் முழு நகல் எடுப்பேன். அதன் பிறகுதான் பேச்சு.

2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு பத்தனம்திட்டா பக்கமிருந்து டிஸ்க்குகள் வந்தபோதும் இதையே பார்த்தேன். வெயிலில் காயவைத்து, காய்ந்துவிட்டது என்று நம்பி, மின்சாரம் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுவந்தார்கள். சேறு காய்ந்து உள்ளே தகட்டில் படிந்துவிட்டால் துடைக்கவே வழியில்லை. நனைந்த டிஸ்க்கை ஈரத்தோடு பையில் கட்டி, அதற்கென்று தூசியில்லா அறை வைத்திருப்பவர்களிடம் கொடுப்பதுதான் முறை. 'டிக், டிக்' என்று தட்டும் டிஸ்க்கும் அப்படித்தான். அதை நான் திறப்பதில்லை. படிக்கும் முனை தகட்டுக்கு மேலே தூசியின் பருமன்கூட இல்லாத இடைவெளியில் மிதக்கிறது. என் மேசையில் அதைத் திறப்பது கொலை.

அண்ணாச்சியின் டிஸ்க் பழைய ஐடிஇ வகை. அகலமான பட்டைக் கேபிள், 40 ஊசிகள். முனையில் ஒரு குட்டி ஜம்பர் உண்டு. எந்த ஊசிகளில் அதைச் செருகியிருக்கிறோமோ அதைப் பொறுத்து மாஸ்டர் (முதன்மை டிஸ்க்) அல்லது ஸ்லேவ் (துணை டிஸ்க்) ஆகும். யுஎஸ்பி அடாப்டரில் மாட்டினேன். 12 வோல்ட் மின்சாரத்தைத் தனியாகக் கொடுத்ததும், சின்ன முனகலோடு சுழலத் தொடங்கியது. தட்டும் சத்தம் இல்லை. அண்ணாச்சி காதைப் பக்கத்தில் கொண்டுவந்து கேட்டார்.

டிடிரெஸ்க்யூ என்ற கருவியை ஓடவிட்டேன். நல்ல இடங்களை முதலில் படித்து நகலில் சேர்த்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு பிறகு திரும்பி வரும் கருவி அது. முக்கால் மணி நேரத்தில் பெரும்பகுதி வந்துவிட்டது. எஞ்சியிருந்த சில எம்பிக்கு ஒரு இரவு முழுவதும் ஆனது. விடிந்தபோது 300 கேபி அளவுக்கு மட்டும் படிக்க முடியாமல் நின்றது. அவை விண்டோஸின் சொந்தக் கோப்புகள் இருந்த இடம் என்று பிறகு தெரிந்தது.

பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். கோப்புக்கு என்ன பெயர் வைத்தார் என்பது அண்ணாச்சிக்கு நினைவில்லை. ஒவ்வொன்றாகத் திறக்க எனக்கு மனமும் இல்லை. ஊராருடைய கல்யாணமும் சாவும் அதில் இருக்கின்றன. மற்றவர் கோப்பைச் சொந்தக்காரர் உடனிருக்கும்போது மட்டும், அதுவும் அவர் காட்டியதை மட்டும் திறப்பது என்பதில் நான் பிடிவாதமானவன்.

"எந்த மாதம் அடித்தீர்கள் அண்ணாச்சி?"

"ஆடி. முகூர்த்தம் இல்லாத மாதம். கடையில் வேலை இல்லை, அதனால்தான் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்."

2005 ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை என்று தேதியைக் கொடுத்துத் தேடினேன். பதினொரு கோப்புகள். பெயரைப் பார்த்தாலே தெரிந்தது, எட்டு கோயில் கொடை நோட்டீஸ்.

ஒன்பதாவதைத் திறந்தபோது, இல்லாத எழுத்துருக்களின் பெயரைச் சொல்லி, அவற்றுக்கு ஈடாக எதைப் போடட்டும் என்று பேஜ்மேக்கர் கேட்டது. இரண்டு பெயர்கள்: பாமினி, கார்த்திகா. இந்த வேலைக்கென்றே இணையத்தில் இணைக்காமல் ஒரு எக்ஸ்பி கம்ப்யூட்டர் வைத்திருக்கிறேன். ஆனால் அதில் இந்த இரண்டும் இல்லை. பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கொட்டிக் கிடந்தன.

பயந்துவிட்டார் அண்ணாச்சி. "கெட்டுப்போய்விட்டதா?" என்றார்.

கெடவில்லை. பாமினியில் 'அம்மா' என்று தட்டினால் கோப்புக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இருந்தால் அது அம்மா. இல்லையென்றால் வெறும் ஆங்கில எழுத்துகள். 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியேற்றங்களை, அதாவது எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் பதியும் முறைகளை, அறிவித்தது, 2010இல் எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடுக்கு வந்தது. ஆனால் டிடிபி கடைகள் கைக்குப் பழகிய எழுத்துருவிலேயே வெகுகாலம் ஓடின. கோப்பை மட்டும் காப்பாற்றிவிட்டு எழுத்துருவை விட்டுவந்தவர்கள் எத்தனையோ பேர். முழு நகல் எடுத்திருந்ததால், அதே டிஸ்க்கின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸ் என்ற இடத்தில் இரண்டுமே கிடைத்தன.

பாமினியை நிறுவியதும் தமிழ் எழுந்து வந்தது. நடுநடுவே சில சொற்கள் மட்டும் குப்பையாகவே நின்றன. கார்த்திகாவைப் போட்டதும் அவை மலையாளமாயின. ஒரு வரியை மட்டும் சொல்கிறேன்: 'வறுத்து இடிக்க வேண்டியவை' என்பது தமிழில், அதற்கு அடுத்து உலுவா, அயமோதகம் என்பவை மலையாளத்தில். நம் வெந்தயமும் ஓமமும்தான். பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியில் இந்தப் பக்கத்தை அப்படியே ஒட்டியிருந்தால், மலையாளச் சொற்களையும் பாமினி என்று எடுத்துக்கொண்டு அர்த்தமில்லாத தமிழாக்கியிருக்கும். எது எந்த எழுத்துருவில் இருந்தது என்ற தடமும் அதோடு போயிருக்கும். சரக்கின் பெயர் போய்விட்டால் அளவு மட்டும் இருந்து என்ன செய்வது?

"ஏன் அண்ணாச்சி, சரக்குகளை மட்டும் மலையாளத்தில் அடித்தீர்கள்?"

"அவள் அங்கே படித்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. சரக்கின் பெயரில் தப்பு வந்துவிடக் கூடாது, அவளே பார்த்துத் திருத்த வேண்டும் என்றுதான். பார்த்தாள். இரண்டு இடத்தில் திருத்தினாள்."

இரண்டு பக்கங்களையும் அச்செடுத்துக் கொடுத்தேன். பழைய டிஸ்க்கையும் அவரிடமே கொடுத்துவிட்டு, என்னிடம் இருந்த நகலை அவர் கண்முன்னாலேயே அழித்தேன். தாளைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தவர் சற்றுத் தயங்கினார்.

"தம்பி, பேத்தி புனலூரில் படித்த பிள்ளை. இதில் அவளுக்கு வாசிக்க வருவது அவள் பாட்டி பார்த்துத் திருத்திய மலையாளச் சொற்கள் மட்டும்தான்."

யூனிகோடில் முழுவதையும் மலையாளத்தில் அடித்துத் தருகிறேன், நாலு நாள் கொடுங்கள் என்றேன். அதுவரை பொறுக்க அவருக்கு மனமில்லை. கைப்பேசியை நீட்டி, குரல் பதிவு எப்படிச் செய்வது என்று கேட்டார். தொட்டுக் கொடுத்தேன். ஸ்டூலை வெளிச்சத்துக்கு நகர்த்திப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, "மோளே, கேட்டுக்கொள்" என்று தொடங்கி அண்ணாச்சி வாசித்தார். வெளியே புனலூர் பஸ் ஒன்று கிளம்பிப் போனது. அவர் நிமிரவில்லை.