தபால் பெட்டியில் மூன்று அப்பாக்கள்

என் அப்பா மானாமதுரைப் பக்கத்துக் கிராமங்களில் முப்பத்தொரு வருடம் சைக்கிளில் தபால் கொடுத்தவர். அவருடைய மகளுக்கு இரண்டு மாதம் தபாலே வரவில்லை. நடந்தது பெர்லினில், 2023 தொடக்கத்தில்.

கணவர் 2022 செப்டம்பரில் வேலையில் சேர முன்னாடியே போய்விட்டார். ஒன்பது வயது மகளையும் நான்கு வயது மகனையும் கூட்டிக்கொண்டு நான் பிப்ரவரியில் போய் இறங்கினேன். இடையில் இருந்த ஐந்து மாதமும் காகித வேலைதான். அவருக்கு ப்ளூ கார்டு, அதாவது படித்த வெளிநாட்டு வேலைக்காரர்களுக்குத் தரும் அனுமதி, என்பதால் மனைவிக்கு ஜெர்மன் தேர்வுச் சான்று கேட்கமாட்டார்கள் என்று தெரிந்ததும், வாங்கி வைத்திருந்த பாடப்புத்தகத்தை மூடி அலமாரி மேலே போட்டேன். அது நான் செய்த முதல் முட்டாள்தனம். சான்று வேண்டாம் என்பது விசாவுக்கு மட்டும்தான். பிள்ளைக்குக் காது வலிக்கிறது என்று இன்னொருவரிடம் சொல்ல மொழி வேண்டும்தானே.

பெயர்ச் சிக்கல் சென்னையிலேயே தலைகாட்டியது. எங்கள் திருமணப் பதிவுச் சான்றில் இருவர் பெயரும் இனிஷியலோடு இருந்தன. பாஸ்போர்ட்டில் அந்த ஒற்றை எழுத்து முழுப்பெயராக விரிந்து ‘சர்நேம்’ கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. இந்த ஆளும் அந்த ஆளும் ஒருவரே என்று நோட்டரியிடம் எழுதி வாங்கி, அதையும் கோப்பில் வைத்துக்கொண்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

நம் ஊரில் இனிஷியலைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கணவர் பாஸ்போர்ட்டில் சர்நேம் அவருடைய அப்பா பெயர். என்னுடையதில் என் அப்பா பெயர். கல்யாணத்துக்குப் பிறகு நான் மாற்றவில்லை. கொள்கை ஒன்றும் இல்லை, சோம்பல்தான். பிள்ளைகளுக்கு அவர்களுடைய அப்பா பெயர், அதாவது என் கணவர் பெயர். ஆக நான்கு பேர் உள்ள வீட்டில் மூன்று குடும்பப் பெயர். வேளச்சேரியில் பத்து வருடம் இருந்தோம், ஒருவரும் இதை ஒரு விஷயமாகச் சொன்னதில்லை.

ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அன்மெல்டுங் என்பார்கள். இது இல்லாமல் வரி எண் இல்லை, மற்ற எதுவும் நகராது. வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட ஒரு படிவம், பாஸ்போர்ட்டுகள், திருமணச் சான்று, பிறப்புச் சான்றுகள். பெர்லினில் எந்த வட்டாரத்து அலுவலகத்திலும் பதியலாம் என்பதால், எங்கே நேரம் கிடைக்கிறது என்று கணவர் இரவெல்லாம் கைபேசியில் தேடி, நகரின் மறுகோடியில் ஒரு காலை 8 மணியைப் பிடித்தார்.

மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மா நான்கு பாஸ்போர்ட்டையும் சீட்டுக்கட்டு மாதிரி வரிசையாகப் பரப்பி வைத்தார். கணவரின் சர்நேமில் விரலை வைத்து, “இது?” என்றார். “என் அப்பா பெயர்.” என்னுடையதில் வைத்தார். “என் அப்பா பெயர்.” மகளுடையதில் வைத்தார். “அவளுடைய அப்பா பெயர்,” என்று கணவர் தன்னையே காட்டினார். அந்த அம்மா ஒரு நிமிடம் எங்களையே பார்த்தார். பிறகு, “அப்படியானால் குடும்பப் பெயர் எது?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். தாய், தந்தை, துணைவர் பெயர்களெல்லாம் அங்கே இருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் நாங்கள் நால்வரும் ஒரே வீட்டு ஆட்கள் என்று அவருக்கு நம்பிக்கை வந்தது. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதிந்து முத்திரை குத்திக் கொடுத்தார். அந்தப் பக்கத்தை அதுவரை நான் ஒழுங்காகப் பார்த்ததுகூட இல்லை.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று அறை வீடு என்று கணவர் சொன்னதும் மூன்று படுக்கையறை என்று நினைத்து அம்மாவிடம் பெருமை அடித்திருந்தேன். அங்கே ஹாலையும் சேர்த்துத்தான் மூன்று. முன்பணம் மூன்று மாத வாடகை, அதுவும் வெப்பச் செலவு சேராத வாடகை. சட்டப்படி அதற்குமேல் வாங்கக் கூடாதாம். சமையலறை என்றால் நான்கு சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும். மேடை, அலமாரி, அடுப்பு எல்லாவற்றையும் முந்தைய வாடகைக்காரர் கழற்றிக்கொண்டு போயிருந்தார். விளக்குகளும் போயிருந்தன, கூரையிலிருந்து வயர்தான் தொங்கியது. அங்கே பல வீடுகள் அப்படித்தானாம். யாரோ விற்ற பழைய மேடையைக் கணவர் வாங்கிப் போட்டிருந்தார். உயரம் ஜெர்மன்காரருக்கு ஏற்றது. தோசைக்கல்லை எட்டிப் பார்க்க நான் இன்றைக்கும் முக்காலி போட்டுக்கொள்கிறேன்.

சரி, தபாலுக்கு வருகிறேன்.

பதிவு முடிந்து இரண்டு, மூன்று வாரத்தில் வரி எண் தபாலில் வரும் என்றார்கள். பதினொரு இலக்க எண், ஆளுக்கொன்று, நான்கு வயதுப் பையனுக்கும் உண்டு. பிள்ளைகளுக்கு அரசு தரும் கிண்டர்கெல்டுக்கு, 2023-இல் ஒரு பிள்ளைக்கு மாதம் 250 யூரோ, இந்த எண்கள் வேண்டும். மருத்துவக் காப்பீட்டு அட்டையும் தபாலில்தான் வரும். கணவர் காப்பீட்டிலேயே கூடுதல் கட்டணம் இல்லாமல் எங்கள் மூவரையும் சேர்த்தாயிற்று, போட்டோவும் அனுப்பியாயிற்று. மார்ச் முடிந்தது. அவருக்கு வர வேண்டியதெல்லாம் வந்தது, எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. இதற்கிடையில் மகனுக்குக் காதுவலி. டாக்டரிடம் காட்ட அட்டை இல்லை. காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் போட்டு, அவர்கள் கிளினிக்குக்கு நேராகத் தற்காலிகச் சான்றை அனுப்பும் வரை நாற்பது நிமிடம் அவனை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு அப்பாவிடம் புலம்பினேன். “ஆபீசுக்கு எல்லாம் போன் பண்ணாத. தபால்காரரைப் பிடி. அவுகளுக்குத் தெரியாதது இருக்காது. தினம் ஒரே நேரத்துக்குத்தான் வருவாக, நின்னு பாரு,” என்றார்.

மறுநாள் பதினொன்றரை மணிக்குக் கீழே போய் நின்றேன். மஞ்சள் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓர் அம்மா வந்தார். பாஸ்போர்ட்டில் என் பெயரைக் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு, சுவரில் இருந்த தபால் பெட்டிகளிடம் போனார். எங்கள் பெட்டியில் கணவரின் அப்பா பெயர் மட்டும் சின்னதாக அச்சடித்து ஒட்டியிருந்தது. அதில் ஒரு தட்டு, என் பாஸ்போர்ட்டில் ஒரு தட்டு. தலையை ஆட்டினார். “கைன் நாமெ, கைனெ போஸ்ட்.” பேர் இல்லையா, தபால் இல்லை. நான் ஜெர்மனில் முழுசாகப் புரிந்துகொண்ட முதல் வாக்கியம் அதுதான்.

அப்போதுதான் உறைத்தது. அங்கே அடுக்ககங்களில் நம்மைப் போல 2ஏ, 3பி என்று கதவு எண் பெரும்பாலும் கிடையாது. தெரு, கட்டட எண், அதன்பிறகு ஆளின் பெயர். அழைப்பு மணியிலும் பெயர், பெட்டியிலும் பெயர். பெட்டியில் பெயர் இல்லாத ஆளை அந்தக் கட்டடத்தில் இல்லாத ஆளாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். எனக்கும் பிள்ளைகளுக்கும் வந்த கடிதங்களெல்லாம் வாசல் வரை வந்து திரும்பிப் போயிருக்கின்றன.

மேலே ஓடிப்போய், மகளின் நோட்டில் ஒரு தாள் கிழித்து, மூன்று பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி, செலோடேப் போட்டு ஒட்டினேன். அப்பாவிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “பேரே எழுதாம ‘ஆலமரத்து வீட்டு அக்காவுக்கு’ன்னு வந்த கடுதாசியெல்லாம் நான் சேத்திருக்கேன்,” என்றார்.

பேப்பர் ஒட்டிய பிறகு தபால் வந்தது பாருங்கள், கொட்டோ கொட்டென்று. முதலில் வந்தது ஒளிபரப்புக் கட்டணம். டிவி இருக்கிறதோ இல்லையோ, ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்ட வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான். ஆனால் கணவர் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்க, எனக்கும் தனியாக ஒரு கடிதம் வந்திருந்தது. ஒரே முகவரியில் வேறு குடும்பப் பெயர் என்றால் கணக்கில் நான் இன்னொரு குடித்தனம் போல. கணவரின் கணக்கு எண்ணை எழுதி அனுப்பிய பிறகு விட்டார்கள். திரும்பிப் போன வரி எண்களை மறுபடி கேட்டு வாங்க மே மாதம் ஆகிவிட்டது. கிண்டர்கெல்டை விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய ஆறு மாதம் வரை பின்தேதியிட்டுத் தருவார்கள். அதனால் பிப்ரவரியிலிருந்து எங்களுக்கு வர வேண்டியது மொத்தமாக வந்தது. இதை முன்பே தெரிந்துகொண்டிருந்தால் ஏப்ரலில் அத்தனை ராத்திரி கணக்குப் போட்டிருக்க மாட்டேன்.

கறிவேப்பிலை வாங்கப் போகும் இலங்கைத் தமிழ்க் கடையில் இந்தக் கதையைச் சொன்னேன். கடைக்கார அண்ணன் எண்பதுகளில் கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலில் மேற்கே கடந்து வந்தவர். அப்போது ஈழத்திலிருந்து நிறையப் பேர் வந்த வழி அது. “எனக்கும் அப்பான்ர பேர்தான் பிள்ளை. நாப்பது வருசமா என்னை ஒருத்தரும் என்ர பேரால கூப்பிட்டதில்லை. எல்லாப் பேரையும் ஒட்டுங்கோ, வெக்கப்படாதேங்கோ,” என்று சொல்லி ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் காசில்லாமல் பைக்குள் போட்டார்.

அவர் சொன்னதன் முழு அர்த்தம் கிட்டாவில் புரிந்தது. கிட்டா என்றால் பாலர் பள்ளி மாதிரி. பெர்லினில் கட்டணம் இல்லை, மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் 23 யூரோ. சேர்க்கும்போது தட்டம்மை ஊசி இரண்டு தவணை போட்ட சான்று கட்டாயம். நம் ஊர் தடுப்பூசி அட்டையைத் தயவுசெய்து மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள். பிள்ளையை முதல் நாளே விட்டுவிட்டு வர முடியாது. முதல் மூன்று நாள் தாயோ தகப்பனோ கூடவே உட்கார வேண்டும். நான்காம் நாள்தான் சில நிமிடம் வெளியே போகச் சொல்லிப் பார்ப்பார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குச் செய்த நாற்காலியில், முழங்கால் மோவாயில் இடிக்க, நான் நான்கு வாரம் உட்கார்ந்தேன். வேளச்சேரி எல்கேஜியில் அழுகிற பிள்ளையைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கேட்டைச் சாத்தினார்கள். எனக்கு இந்த முறைதான் பிடித்திருக்கிறது, முதுகு வலித்தாலும்.

அந்த நான்கு வாரமும் டீச்சர் என்னை ‘ஃபிராவ்’, அதாவது திருமதி, போட்டு என் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். முருகனின் நீளமான பெயர்களில் ஒன்று அது. அவர் வாயில் நடுவில் இரண்டு இடத்தில் முறியும். கணவரைப் பிள்ளைகளின் குடும்பப் பெயரால் கூப்பிட்டார். அது கணவரின் சொந்தப் பெயர், ஆக எங்கள் வீட்டிலேயே சரியான பெயரால் கூப்பிடப்பட்ட ஒரே ஆள் அவர், அதுவும் தவறுதலாக. மகனுக்குக் கோட் மாட்டும் கொக்கியில் பெயரும் ஒரு யானைப் படமும். அவனுக்கு யானை போதுமாக இருந்தது.

மூன்றாம் வாரம் டீச்சர் ஒரு தாளை நீட்டித் தமிழில் முக்கியமான சொற்களைச் சொல்லச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல அவர் ஜெர்மன் எழுத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினார். தண்ணி. வலிக்குது. ஒண்ணுக்கு. அம்மா வருவாங்க. கடைசியை அவர் பல தடவை சொல்லிப் பார்த்தார். நான் முதல் முறையாக முழு நாள் விட்டுவிட்டு வந்த அன்று, கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். உள்ளே என் மகன் அழுகிறான், அவர் “அம்மா வருவாங்கா, அம்மா வருவாங்கா” என்கிறார். அந்த ‘கா’வில் அவன் அழுகையை நிறுத்திச் சிரித்துவிட்டான்.

மகளுக்கு அவ்வளவு பாடு இல்லை. ஜெர்மன் தெரியாத பிள்ளைகளுக்கான வரவேற்பு வகுப்பில் சேர்த்தார்கள். பாதிப்பேர் உக்ரைனிலிருந்து வந்தவர்கள். மாணவர்களுக்குப் பஸ், ரயில் இலவசம் என்பதால் ஆறு மாதத்தில் எனக்கே வழி சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

ஜூனில் வீட்டு நிர்வாகத்திலிருந்து புதுப் பெயர்ப்பலகை வந்தது. மூன்று பெயர், சாய்கோடு போட்டு, எழுத்து எறும்பு மாதிரி. வீடியோ காலில் அப்பாவுக்குக் காட்டினேன். இன்னும் கிட்டே கொண்டுவரச் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். “நடுவுல ஒரு எச் இருக்கே. என் சர்வீஸ் புத்தகத்துல எச் கெடையாதும்மா.”

பாஸ்போர்ட்டில் அப்படித்தான் இருக்கிறது, மாற்றுவதென்றால் அங்கேயிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும் என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். “தபால் வருதுல்ல? அப்ப விடு,” என்றார்.