இத்தாலிக்கும் சேர்த்து ஒரு பாஸ்

"செர்மாட் பாஸ் மட்டும் போதுமா, இத்தாலிப் பக்கமும் சேர்த்து எடுப்பமா?"

சுவிஸிலிருந்து அக்கா வீடியோ கோலில் இருந்தபடியே, பனிச்சறுக்குப் போவதற்கான பாஸைப் பற்றி அத்தானோடு வாதாடுகிறாள். நான் டச்பே கடற்கரை மணலில் வியர்த்து வழிந்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

செர்மாட்டில் லிஃப்ட் ஏறி மலையின் மறுபக்கம் சறுக்கினால் செர்வினியா. இத்தாலி! அதற்குக் கூடுதல் காசு. காற்று பலமானால் மேலே லிஃப்டை நிறுத்திவிடுவார்கள். திரும்பும் கடைசி லிஃப்டைத் தவறவிட்டால் இரவு இத்தாலியில்தான். அத்தானுக்கு அந்தப் பயம். சின்னவன் இப்போதுதான் சறுக்கப் பழகுகிறான், அதுவும் நியாயம்தான்.

1990களில் வவுனியாவில் பாஸுக்காக வெயிலில் வரிசையில் நின்றவள் இந்த அக்கா. சொந்த நாட்டுக்குள் நகர்வதற்கு.

இப்போது சட்டைப்பைக்குள் ஓர் அட்டை. கிட்டப் போனாலே லிஃப்ட் வாசல் கதவு திறக்குமாம், ஒருவரும் எதுவும் கேட்கமாட்டார்களாம்.

சரி, வானம் தெளிந்த ஒருநாளுக்கு மட்டுமாவது இத்தாலியைச் சேர்த்து எடு என்றேன். அத்தான் முறைத்தார்.