மூடினால் தெரிகிறது, திறந்தால் காணோம்

எனக்கு மேல் இமை மடிந்து விழும். கண்ணைத் திறந்தால் இமையில் வெளியே தெரிவது ஒரு நூலளவு இடம்தான், வெளி ஓரத்தில் அதுவும் கிடையாது. மேக்கப் போடுபவர்கள் ‘ஹூடட் ஐஸ்’ என்று சொல்வது இதைத்தான். ஐலைனரை எவ்வளவு நேர்த்தியாக இழுத்தாலும், கண்ணைத் திறந்ததும் கோடு மடிப்புக்குள் போய்விடும். அரைமணி நேரத்தில் அதன் நகல் ஒன்று மடிப்புக்கு மேலே அச்சாகியிருக்கும். அதனால் பல வருஷம் கீழிமையில் காஜலோடு நிறுத்திக்கொண்டேன். அதுவும் சென்னை வெயிலில் மதியத்துக்குள் கன்னத்துக்கு இறங்கிவிடும்.

தங்கை கல்யாணம் நிச்சயமானபோது, மணப்பெண்ணைத் தவிர மற்றவர்களுக்கு நாமே போட்டுக்கொள்வோம் என்று முடிவு செய்தோம். செலவு ஒரு காரணம். வீட்டு விசேஷங்களுக்குப் பார்லரில் போட்டுக்கொண்ட போட்டோக்களில் அம்மா, சித்தி, நான் என்று எல்லோருக்கும் ஒரே தடித்த கோடு, ஒரே தங்க நிறம் இருந்தது இன்னொரு காரணம்.

முதலில் அவரவர் கண்ணைப் பார்க்க வேண்டியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில், கண்ணாடியைக் கண் மட்டத்தில் வைத்து, புருவத்தை உயர்த்தாமல் நேராகப் பார்க்க வேண்டும். இமை மடிப்புக் கோடு தெரிகிறதா? கருவிழிக்கு மேலோ கீழோ வெள்ளை தெரிகிறதா? தெரிந்தால் வட்டக் கண். வெளி முனை உள் முனையைவிடத் தாழ்ந்திருக்கிறதா? இரண்டு கண்ணுக்கும் நடுவில் இன்னொரு கண் வைக்க இடம் இருக்கிறதா? இல்லையென்றால் நெருங்கிய கண். பக்கவாட்டில் பார்த்தால் கண் உள்ளே போயிருக்கிறதா, முன்னே வந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். படத்தில் போடும் வகைகளில் ஏதாவது ஒன்றுக்குள் மட்டும் அடங்குகிற ஆளை எங்கள் வீட்டில் நான் பார்க்கவில்லை. எனக்கே மடிந்த இமையோடு வெளி முனை கொஞ்சம் தாழ்வு, இடது இமை வலதைவிட அதிகமாக மடியும்.

எனக்கு வழி பிறந்தது, கண்ணைத் திறந்து வைத்தபடியே வரையத் தொடங்கியபோதுதான். சருமத்தைவிட ஓரிரண்டு ஷேடு அடர்ந்த, பளபளப்பில்லாத ‘மேட்’ பிரவுன் ஐஷேடோவைச் சின்ன பிரஷ்ஷில் எடுத்து, இயற்கையான மடிப்புக்குள் தேய்க்காமல் அதற்குச் சற்று மேலே வைத்தேன். நேராகப் பார்க்கும்போது அந்த நிழல் வெளியே தெரிய வேண்டும், அதுதான் கணக்கு. மினுமினுக்கும் ஷிம்மரை மடிந்து விழும் பகுதியில் போட்டால் அது இன்னும் தூக்கித் தெரியும். அதனால் இமையின் நடுவில் மட்டும் ஒரு பொட்டு.

லைனருக்குத்தான் அதிகப் பொறுமை தேவைப்பட்டது. கீழிமையின் வளைவு எந்தத் திசையில் போகிறதோ, அதையே புருவத்தின் முனையை நோக்கிக் கொஞ்சம் நீட்டி, கண் திறந்த நிலையில் ஒரு சின்னக் கோடு. அந்தக் கோட்டின் நுனியிலிருந்து மடிப்பைத் தாண்டி நேராக உள்ளே ஒரு கோடு. அப்புறம் கண்ணை மூடி இடையில் இருப்பதை நிரப்ப வேண்டும். மூடிய கண்ணில் பார்த்தால் வௌவால் இறக்கை மாதிரி ஒரு வெட்டு இருக்கும், கோணலாகத்தான் தெரியும். திறந்தால், வெளி முனையிலிருந்து நேராக நீளும் ‘விங்’. உள் பக்கம் கோடே வேண்டாம், இமைமுடிகளின் இடைவெளியை மட்டும் பென்சிலால் அடைத்தால் போதும், இருக்கிற கொஞ்சம் இடமும் மிஞ்சும். அச்சு விழாமல் இருக்க முதலில் இமையில் நிறம் ஒட்டி நிற்பதற்கான பிரைமர், மேலே கொஞ்சம் பவுடர். மஸ்காராவில் ‘டியூபிங்’ வகை எனக்கு ஒத்துவந்தது. அது முடியைச் சுற்றி உறை மாதிரி காய்ந்துவிடுவதால் எண்ணெய்ப் பசையில் கரையாது, வெதுவெதுப்பான தண்ணீரில் உருவினால் வந்துவிடும்.

அம்மாவுக்கு இதில் பாதி பொருந்தவில்லை. இமைத் தோல் தளர்ந்திருப்பதால் லிக்விட் லைனர் சுருக்கங்களில் ஓடியது. தோலை இழுத்துப் பிடித்து வரைந்தால் விட்டதும் கோடு நெளிகிறது. அடர் பிரவுன் ஐஷேடோவை, சாய்வாக வெட்டிய பிரஷ்ஷால் இமைமுடி ஓரத்தில் அழுத்தி அழுத்தி வைத்தோம். கீழே வெளி முனை வரை மை இழுத்தால் கண் இன்னும் தாழ்வாகத் தெரிந்தது, அதனால் முனைக்கு முன்பே நிறுத்தினோம். “மை போட்ட மாதிரியே இல்லையேடி” என்றார். போட்டோவைப் பார்த்ததும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

சித்தி மகளுக்குப் பெரிய வட்டக் கண், கொஞ்சம் நெருக்கமும் கூட. “கண்ணை மூடவாக்கா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். “வேண்டாம், என்னையே பாரு.” வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கில் மட்டும் அடர்த்தி, உள் முனையில் வெளிர் நிறம், கீழே உள்ளிமையில், அதாவது இமைமுடிக்கு உள்பக்க ஓரத்தில், தாராளமாகக் காஜல். உள்ளிமைக் காஜல் கண்ணைச் சிறிதாகக் காட்டும். அவள் கண்ணுக்கு அது தாங்கும், எனக்குத் தாங்காது. நான் அங்கே சரும நிறப் பென்சில் போட்டேன்.

நிறம் பற்றி ஒன்று. பாக்கெட்டில் அழகாக இருந்த ஐவரி ஷேடு எங்கள் மாநிறத்தில் சாம்பல் பூத்துவிட்டது. செம்பு, வெண்கலம், பிளம், காப்பிப் பொடி நிறம் எல்லாம் தயங்காமல் உட்கார்ந்தன. பரதநாட்டியம் கற்றுக்கொண்ட சித்தி மகளுக்கு நான் போட்டது எதுவும் போதவில்லை என்று நினைக்கிறேன். மேடையில் கடைசி வரிசைக்கும் தெரிவதற்காகக் கோட்டைக் கன்னப்பொட்டுப் பக்கம் வரை நீட்டுவார்கள். அங்கே சொந்தக் கண்ணின் அமைப்பை மறைத்துப் புதுக் கண் வரைகிறார்கள், அது வேறு கணக்கு.

ஆளுக்கொரு பென்சில் வைத்துக்கொண்டோம், கண் தொற்று சுலபமாகப் பரவும். பழைய மஸ்காராவைத் தூக்கிப் போட்டேன், திறந்து மூன்று மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பார்கள். யாரோ ஊரிலிருந்து வாங்கி வந்த லேபிள் இல்லாத சுர்மா என்கிற கண் மைத் தூளையும் தொடவில்லை, அவற்றில் சிலவற்றில் ஈயம் இருப்பது பரிசோதனைகளில் தெரிந்திருக்கிறது. லென்ஸ் போடும் அத்தைக்கு மேக்கப்புக்கு முன் லென்ஸ், இரவில் லென்ஸைக் கழற்றிய பிறகே மேக்கப் கலைப்பது.

முகூர்த்தத்தில் ஹோமப் புகை எல்லோரையும் அழவைத்தது. என் விங் இரண்டு பக்கமும் நின்றது, இடது மட்டும் ஓரத்தில் லேசாகக் கசிந்தது. ஒட்டு இமைமுடி மட்டும் இன்னும் எனக்குக் கைவரவில்லை. முழு நீளத்தில் ஒட்டினால் மடிந்த இமையை அது முட்டுகிறது. பாதியாக வெட்டி வெளி ஓரத்தில் மட்டும் ஒட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.