எங்கள் பட்டத்தைத் தேடியதில் இதுவரை கிடைத்தவை

தஞ்சாவூர்ப் பக்கம் சம்பந்தம் பேச உட்கார்ந்தால் மாப்பிள்ளையின் வேலை, பெண்ணின் படிப்பு எல்லாம் பிறகுதான். முதல் கேள்வி, "உங்களுக்கு என்ன பட்டம்?" என்பது. படிப்புப் பட்டம் அல்ல, பெயரோடு சேர்ந்து வரும் குலப் பட்டம். ஒரே பட்டத்துக்காரர்கள் பங்காளிகள் என்பதால் அதற்குள் பெண் எடுப்பதில்லை. மழவராயர், சேதுராயர், காலிங்கராயர் என்று சொல்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை; கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். நாங்கள் "முனையதரையர்" என்போம். "என்னது?" என்பார். இன்னொரு முறை சொன்னதும், தனக்குத் தெரிந்த எதுவாகவோ அதை மாற்றிக்கொண்டு, "ஓகோ, அப்படியா" என்பார். எதுவாக மாற்றிக்கொண்டார் என்பது கல்யாணப் பத்திரிகை அச்சாகி வரும்போதுதான் தெரியும்.

எங்கள் முன்னோரைப் பழைய பதிவுகளில் தேடத் தொடங்கினேன். பட்டத்தின் சரியான வடிவத்தில் மட்டும் தேடினால் எதுவும் அகப்படாது என்பது சீக்கிரமே புரிந்தது. எனவே பிழைகளைச் சேர்க்க ஆரம்பித்தேன். கணினியில் ஓர் அட்டவணை: எழுதியிருந்தபடியே பெயர், இருந்த இடம், ஆண்டு, எழுதியவர் யார். கடைசிப் பத்திதான் முக்கியம். பிழையைப் பார்த்தால் எழுதியவர் காதால் எழுதினாரா, கண்ணால் எழுதினாரா, கூலிக்கு அஞ்சிக் குறைத்தாரா என்று ஓரளவு சொல்லிவிட முடிகிறது. ஆளைத் தேடும்போது அதுதான் உதவுகிறது.

கூலிக்கு அஞ்சியவை பரணில் இருந்தன. பித்தளை அண்டா, தவலை, குத்துவிளக்கு எல்லாவற்றிலும் உளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறது. எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய காலம் அது. எங்கள் பட்டத்துக்கு ஏழு எழுத்து. அதற்குப் பிறகு ஆள் பெயர் வேறு. ஆகவே தவலையில் 'முனையர்', சின்னச் செம்புகளில் வெறும் 'மு.த.' கல்யாணச் சமையலுக்கு இரவல் போய்வரும் பெரிய அண்டாவின் கழுத்தில் மட்டும் முழுப் பட்டமும் இருக்கிறது. ஊருக்குள் சுற்றுகிற பாத்திரத்துக்குச் செலவு செய்திருக்கிறார்கள். அந்த அண்டாவைப் புளி போட்டுத் துலக்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். 'னை' பழைய வடிவம்: 'ன'வின் தலையில் துதிக்கைபோல ஒரு வளைவு. வளைவு திரும்பும் இடத்தில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தகடு லேசாகப் பிளந்திருக்கிறது. ணை, லை, ளை, னை நான்கும் இன்றைய வடிவத்துக்கு வந்தது 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணையால். அதற்காகப் பழைய 'னை' இருந்தாலே 1978க்கு முந்தியது என்று எழுதிவிட முடியாது. பாத்திரம் வெட்டுபவர் அரசாணை படித்துவிட்டு உளியை எடுப்பவர் அல்லர். கை பழகியபடிதான் வெட்டியிருப்பார். ஆண்டுப் பத்தியைக் காலியாக விட்டேன்.

காதால் எழுதியதற்கு மொய் நோட்டைவிடச் சிறந்த சான்று கிடையாது. பந்தலில் சத்தம், மேளம், பின்னால் வரிசை. மொய் எழுதுபவர் காதில் விழுந்ததை எழுதிவிட்டு அடுத்தவரைப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் உள்ள பழைய நோட்டில் தேதி இருந்த அட்டை கிழிந்துபோயிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் ரூ., அ., பை. என்று மூன்று பத்தி கோடு போட்டிருக்கிறார்கள். அணாவும் பையும் போய்த் தசம நாணயம் வந்தது 1957 ஏப்ரலில். நோட்டு அதற்கு முந்தியதாகவோ, போனால் போகிறதென்று அதை ஒட்டியதாகவோ இருக்க வேண்டும். அதில் எங்கள் பங்காளிகள் 'முனயத்திரியர்', 'மொனேதிரியர்', 'முனைதிரியார்' என்று வருகிறார்கள். ஓர் இடத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்து எழுதிய அண்ணன் தம்பிக்கே இரண்டு எழுத்துக்கூட்டல். பேச்சில் 'தரை' என்பது 'திரி' ஆகத் தேய்ந்துவிட்டது என்று இதிலிருந்து தெரிகிறது. நாங்கள்கூட வீட்டில் அப்படித்தான் சொல்கிறோம். பத்திரத்தில் மட்டும்தான் 'தரை'.

பத்திரம் என்றதும் பட்டா வந்துவிடும். பழைய நிலப் பதிவுகளைப் புதுப்பித்து யூ.டி.ஆர். செய்தபோது ஏற்பட்ட பெயர்ப் பிழைகளை இன்றும் திருத்திக்கொண்டிருக்கிறது பாதித் தஞ்சை. எங்கள் தாத்தா அதில் 'முனியாண்டி' ஆனார். யாரோ நகல் எடுத்தவர், இப்படி ஒரு பெயர் இருக்க வழியில்லை என்று நினைத்துத் திருத்தியிருக்கிறார். நல்லெண்ணத்தில் செய்த பிழை இது. மற்ற எல்லாப் பிழையையும்விட அதிகத் தொல்லை கொடுத்ததும் இதுதான். 'இவரும் அவரும் ஒருவரே' என்று சான்று வாங்கப் பெரியப்பா அலைந்த கதை தனி. அவரிடம் பழைய தாள்களைக் கேட்டபோது ஒன்று சொன்னார்:

"பெயரை விடு தம்பி. சர்வே எண் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார். நெல் சர்வே எண்ணில்தான் விளைகிறது."

அவர் அலுப்பில் சொன்னது எனக்கு வழிமுறை ஆகிவிட்டது. ஒரு சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு அ-பதிவேடு, கிரயப் பத்திரம், அடங்கல், சிட்டா என்று நிலத் தாள்களில் வரிசையாகப் போனால், நிலம் நகராமல் இருக்கும், பெயர்தான் மாறிக்கொண்டே வரும். ஒரே ஆள் எத்தனை வேடம் போட்டிருக்கிறார் என்பது பக்கத்தில் பக்கத்தில் தெரிந்துவிடும். உட்பிரிவு எண் மாறியிருந்தால் மட்டும் கவனம் தேவை. 1980இல் கர்ணம் பதவி ஒழிக்கப்பட்டதற்கு முன்னால் உள்ள தாள்களில் கையெழுத்து அழகு. ஊர்க் கணக்குப்பிள்ளைக்கு எல்லா வீட்டுப் பட்டமும் தெரியும் என்பதால் பிழையும் குறைவு. என் அட்டவணையில் அவர்கள்தான் அதிகம் ஏமாற்றம் தருபவர்கள்.

ஒரத்தநாட்டுப் பக்கம் புது ஆறு என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாய் 1934இல் திறக்கப்பட்டது, மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்ந்து. அதற்கு நிலம் போன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அன்றைய 1894 நில எடுப்புச் சட்டப்படி அறிவிப்புகள் அரசிதழில் ஆங்கிலத்தில் வந்தன. சர்வே எண்ணும் நிலத்துக்காரர் பெயரும் அவற்றில் இருந்தன. வீட்டில் கிடந்த ஒரு நகலில் கொள்ளுத்தாத்தாவின் பட்டம் 'முன்னாட்ரியார்' என்று படிக்கும்படி இருந்தது. தமிழில் சொன்னதை ஒருவர் கேட்டு ஆங்கிலத்தில் எழுத, அதை இன்னொருவர் அச்சுக் கோத்திருக்கிறார்.

ஆங்கில வடிவங்கள் இப்படிப் பெருகியதால், ஒலியில் ஒத்த பெயர்களுக்கு ஒரே எண் கொடுக்கும் சவுண்டெக்ஸ் முறையை முயன்றேன். அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918இல் காப்புரிமை பெற்றது. பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு உயிரெழுத்துகளையும் ஹெச், டபிள்யூ, ஒய் ஆகியவற்றையும் தள்ளிவிட வேண்டும். மிச்சத்துக்கு எண்: டி இரண்டுக்கும் (D, T) 3, எம், என் 5, ஆர் 6, இப்படி. மூன்று எண் சேர்ந்ததும் நிறுத்திவிடலாம். எங்கள் பட்டத்தை எப்படி எழுதினாலும், 'த'வுக்கு எந்த டி போட்டாலும், எம்-536 வருகிறது. முன்னாட்ரியாருக்கும் அதே எண்தான். மகிழ்ச்சி அதிக நேரம் நீடிக்கவில்லை. மந்திரமூர்த்தி எம்-536. கணினி மானிட்டர் எம்-536. முந்திரியும் எம்-536. பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பத்திரங்களில் முந்திரித் தோப்புக்குக் குறைவா என்ன?

அதனால் தமிழுக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். உயிர்க்குறிகளைத் தள்ளு, யகரத்தைத் தள்ளு. ன, ண, ந மூன்றையும் ஒன்றாக வை. ர, ற இரண்டையும் ஒன்றாக வை. எங்கள் பட்டம் ம-ன-த-ர-ர என்று சுருங்கும். கடைசி 'ர' மரியாதை விகுதி என்பதால் அதையும் விட்டுவிட்டு ம-ன-த-ர என்று தேடுகிறேன். முந்திரி அப்போதும் வந்து நிற்கிறது. அதைக் கண்ணால்தான் விலக்க வேண்டும். ஒரு கிரயப் பத்திரத்தின் எல்லை விவரத்தில் 'முந்திரியார் கொல்லைக்கு மேற்கு' என்று கண்டபோது விலக்கத் தயங்கினேன். சர்வே எண்ணைப் பார்த்தால் எங்கள் பங்காளி வீட்டுக் கொல்லை. அங்கே ஒரு முந்திரி மரமும் இருந்தது கிடையாது என்கிறார் பெரியப்பா.

கண்ணால் நேர்ந்த பிழைக்கு ஓர் உதாரணம்தான் கைவசம் இருக்கிறது. ஒரு பாகப்பிரிவினை நகலில் 'முனையதரையா மகன்' என்று திரும்பத் திரும்ப வருகிறது. விளிக்கிற மாதிரி என்ன 'யா' என்று குழம்பினேன். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். கடைசி 'ர்' புள்ளி இல்லாமல் நின்றால் 'யா' என்று படிக்கலாம். அப்படியானால் அந்த நகலை எழுதியவர் முன்னால் ஓலையோ, ஓலை பழகிய கை எழுதிய தாளோ இருந்திருக்க வேண்டும். மூலம் கிடைக்கவில்லை.

இனி கல்வெட்டு. பெரியப்பாவுக்கு நாங்கள் அரச பரம்பரை. அறுபத்து மூவரில் ஒருவரான நரசிங்க முனையரையர் வழி. சுந்தரரை எடுத்து வளர்த்த அந்த முனையரையர் திருமுனைப்பாடி நாட்டை ஆண்டவர். அது திருநாவலூர்ப் பக்கம், எங்கள் வயல் இருக்கும் இடத்திலிருந்து வெகுதூரம். முனையதரையன் என்ற பட்டம் சோழர் கல்வெட்டுகளில் வருவது உண்மை. கராஷிமா, சுப்பராயலு, மாட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுப் பெயர்களுக்கு ஓர் அடைவு தொகுத்து 1978இல் வெளியிட்டிருக்கிறார்கள்; இந்தத் தேடலில் இறங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். ஆனால் பட்டம் என்பது அன்று அரசன் கொடுத்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் ஸ்ரீகாரியம், அதாவது கோயில் நிர்வாகம், பார்த்தவர் பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியன். பட்டம் தென்னவன் மூவேந்தவேளான். கோயிலின் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்தவர் கிருஷ்ணன் ராமன். பட்டம் மும்முடிச்சோழ பிரம்மராயன். மூவேந்தவேளான் என்றும் பிரம்மராயன் என்றும் பட்டம் வாங்கியவர்கள் வேறு ஊர்களிலும் ஏராளம். அவர்கள் எல்லோரும் ஒரு தாய் மக்கள் அல்லர். கல்லில் முனையதரையனைக் கண்டால் ஒரு பதவியைக் கண்டேன் என்றுதான் நான் எழுதுவேன். கொள்ளுத்தாத்தாவைக் கண்டேன் என்று எழுத மாட்டேன். இதைப் பெரியப்பாவிடம் சொன்னதிலிருந்து அவர் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறார்.

அவரைச் சமாதானப்படுத்தத் திருக்கண்ணபுரம் அழைத்துப் போனேன். நன்னிலத்திலிருந்து திருப்புகலூர் வழியாகப் போக வேண்டும். சௌரிராஜப் பெருமாளுக்கு இரவில் படைக்கும் பொங்கலுக்கு 'முனியோதரன் பொங்கல்' என்று பெயர். முனையதரையர் என்ற அடியார், நடை சாத்திய பிறகு வீட்டிலிருந்தே மனத்தால் பொங்கலைப் படைத்ததாகவும், கருவறையில் பொங்கல் மணத்ததாகவும் தலக்கதை. முனையதரையன், முனியதரையன், முனியோதரன், முனியோதரம் என்று இந்த ஒரு பொங்கலுக்கே ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். எல்லாமே ம-ன-த-ர. 'முனியோதரன் என்பது யார்?' என்று நான் விசாரித்தபோது, "அது ஆள் இல்லை சார், பிரசாதம்" என்றார் வரிசையில் நின்றவர். நெய் ஒழுகும் பயற்றம்பருப்புப் பொங்கலை வாயில் போட்டுக்கொண்டே பெரியப்பா கேட்டார்:

"இவரும் நம் ஆள் இல்லை என்பாயா?"

"தெரியாது பெரியப்பா."

"நல்லது. இன்னொரு தொன்னை வாங்கி வா."

அட்டவணையில் அந்த வரியைச் சேர்த்து, உறவு என்ற இடத்தில் 'சான்று இல்லை' என்று போட்டிருக்கிறேன்.

பெயர் மொத்தமாக மறைந்த கிளையும் ஒன்று உண்டு. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். அந்தக் காற்றில் வளர்ந்த சின்னத்தாத்தா எந்தத் தாளிலும் பட்டம் எழுதியதில்லை. பிறகு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கு போய்விட்டார். சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் பழைய 'தமிழ் முரசு' இதழ்களில் அவரைத் தேடினேன். பட்டம் இல்லாத ஒரு சாதாரணப் பெயரும் அதன் முன்னால் ஒரு தலைப்பெழுத்தும் மட்டும் இருந்தால் நூறு பேர் வருகிறார்கள். அவருடைய கொள்கையில் எனக்கு உடன்பாடுதான். தேடுகிறவனுக்குத்தான் அது பெரிய கஷ்டம். ஊர்ப் பெயரை வைத்துத் தேடுவது ஒன்றுதான் வழி. ஊர்ப் பெயரையும் அங்கே இரண்டு விதமாக அச்சிட்டிருக்கிறார்கள்.

அடுத்த வேலை வில்லங்கச் சான்று. கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் புரட்டித்தான் பார்க்க வேண்டும்; அதற்கு மனு கொடுத்தாயிற்று. மனுவில் பெயருக்கு நேரே முனையதரையர், முனைதிரியார், முனியாண்டி, முந்திரியார் நான்கையும் எழுதினேன். வாங்கியவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நான்கு பேருக்கும் தனித்தனி மனு வேண்டும்" என்றார். பெரியப்பா சொன்னபடி சர்வே எண்ணை மட்டும் போட்டு வேறொரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.