முட்டி மாற்றியாச்சு, இனி தொடை

பிப்ரவரி 9, 2025

ஜனவரி கடைசியில் வலது முட்டியில் பாதி மாற்று ஆபரேஷன் முடிந்தது. உள்பக்கம் மட்டும்தான் தேய்ந்திருந்தது, அதனால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் உலோகம், நடுவில் பிளாஸ்டிக் தட்டு. முட்டிக்குள் குறுக்கும் மறுக்குமாக எலும்புகளைப் பிணைக்கிற சிலுவைத் தசைநார்கள் இரண்டும் அப்படியே இருக்கின்றன. வலியைவிட என்னைப் பயமுறுத்தியது வேறு. மல்லாந்து படுத்துக் காலை நீட்டியபடி தூக்கச் சொன்னால் கால் எழவே மாட்டேன் என்கிறது. முட்டிக்குள் வீக்கம் இருக்கும்வரை தொடையின் முன்தசைக்குப் போகிற கட்டளையை நரம்பே குறைத்துவிடுமாம், பிசியோதெரபிக்கு வருகிற பெண் சொன்னாள். குதிகாலுக்கு அடியில் சுருட்டிய டவலை வைத்து, முட்டியைக் கீழே அழுத்தி ஐந்து எண்ண வேண்டும். இன்று உற்றுப் பார்த்தேன், முட்டிச் சில்லுக்கு மேலே உள்பக்கச் சதை லேசாகத் துடித்தது, சில்லும் ஒரு நூல் மேலே நகர்ந்தது. அழுகையே வந்துவிட்டது.

பிப்ரவரி 24

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். கைத்தடி இடது கையில். முட்டி முழுசாக நீள்கிறது, மடக்குவதுதான் இன்னும் பாக்கி.

மார்ச் 23

தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "நல்லா நடக்குறியேம்மா, தினம் நடந்தாலே போதும்" என்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் போதாது. நடப்பது மூச்சுக்கும் மூட்டுக்கும் நல்லது, இளைத்துப்போன தொடையைத் தேற்ற அது பத்தாது. டேப் வைத்து அளந்தால் வலது தொடை இடதைவிட மெலிந்துதான் இருக்கிறது. தசைக்குப் பாரம் வேண்டும், அந்தப் பாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டும் இருக்க வேண்டும்.

டாக்டரும் பிசியோ பெண்ணும் சரி என்ற பிறகு தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை ஜிம்மில் சேர்ந்தேன். பாக்ஸிங் பழகுகிற பையன்கள் நிறைந்த இடம், உள்ளே நுழையவே கூச்சமாக இருந்தது. மாஸ்டர் தம்பி, "அம்மா, நாற்காலியில இருந்து கை ஊனாம எழுந்திரிங்க" என்றார். எழுந்தேன். ஆனால் பாரம் முழுவதும் இடது காலில் விழுந்ததை அவர் கண்டுபிடித்துவிட்டார், வலி போன பிறகும் உடம்பு ஆபரேஷன் காலை இப்படித்தான் ஒதுக்கி வைக்குமாம். இடது காலைக் கொஞ்சம் முன்னே தள்ளி வைத்து மறுபடி எழச் சொன்னார், அப்போதுதான் வலது தொடை நடுங்கியது. உட்கார்ந்தபடி காலால் எடையைத் தள்ளுகிற லெக் பிரஸ் மெஷினை இரண்டு காலாலும் தள்ளிவிட்டு, பிறகு வலது காலால் மட்டும் குறைந்த எடையில். பத்துத் தடவையில் கடைசி இரண்டு கஷ்டமாக இருக்க வேண்டும், மறுநாள் காலையில் முட்டி வீங்கியோ சூடாகவோ இருந்தால் எடையைக் குறைக்க வேண்டும். இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது, பயத்தை விட்டுவிட்டு முட்டியையே கேட்டுக்கொள்ளலாம்.

சாப்பாட்டில் முட்டையும் சுண்டலும் கூடியிருக்கின்றன, மீன் எப்படியும் காசிமேட்டிலிருந்து வந்துவிடும்.

மே 12

சித்ரா பௌர்ணமி, திருவொற்றியூரில் வடிவுடையம்மனைப் பார்க்கப் போனேன். மெட்ரோ ஸ்டேஷனில் லிஃப்ட்டை விட்டுவிட்டுப் படியிலேயே இறங்கினேன், ஒரு படிக்கு ஒரு கால் என்று மாற்றி மாற்றி. ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடைக்குச் சோதனை, உடம்பை மெல்லத் தாங்கி இறக்குகிற வேலை அதற்கு. கோயில் வரிசையில் நெடுநேரம் நின்றும் முட்டி ஒன்றும் சொல்லவில்லை, இடுப்புதான் கொஞ்சம் கடுத்தது. மாஸ்டர் தம்பியிடம் சொன்னதற்கு, இடுப்புப் பக்கத் தசைக்கு காலில் ரப்பர் பட்டை கட்டிப் பக்கவாட்டில் நடக்கச் சொல்லியிருக்கிறார். நாளை முதல் அதுவும் சேர்கிறது.