வெளிச்சம் பட்ட இடம்தான் தரை

‘க்ளோஷர்’ விளையாட்டில் விளக்கை விட்டு நாலு எட்டு தள்ளிப் போனால் காலடியில் தரை இருக்காது. விழுந்து சாக வேண்டியதுதான். அதே விதிப்படி, விளக்கை நகர்த்திச் சுவரை இருட்டாக்கிவிட்டால் சுவர் இருந்த இடத்தில் தாராளமாக நடந்து போகலாம். டைலர் கிளேயலும் ஜான் ஷுபேயும் செய்த இந்த விளையாட்டு 2009-இல் ஃபிளாஷில் வந்தது. 2012-இல் பெரிதாகி பிளேஸ்டேஷன் 3-க்கும் கணினிக்கும் போனது. ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டு இவ்வளவு புதிர்கள் போட்டிருப்பது இன்றைக்கும் பிரமிப்பாக இருக்கிறது.

பெங்களூருவில் வேலை முடிந்து வந்து, இரவில் கோடோ என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளைத் திறந்து உட்காரும் தமிழ் நண்பர்கள் இந்த விதியைத் தொட்டால் முதலில் சிக்கும் இடம் ஒன்று உண்டு. அதிலுள்ள பாயின்ட்லைட்2டி என்ற விளக்கை வைத்தால் திரை அழகாகத்தான் இருட்டும். ஆனால் அந்த வெளிச்சம் வரைவதோடு சரி. மோதல், விழுதல் எல்லாம் கணக்கிடும் ஃபிசிக்ஸ் எஞ்சினுக்கு அது இருப்பதே தெரியாது. ஆகவே ஒவ்வொரு விளக்கின் வெளிச்சத்தையும் ஒரு பாலிகனாக (பலகோணமாக) வைத்துக்கொள்ளுங்கள். திரையில் வரைவதும் கொலிஷனை (மோதலை) கணக்கிடுவதும் அந்த ஒரே பாலிகனிலிருந்து நடக்க வேண்டும்.

வட்ட விளக்குக்கு 32 முனைகள் போதும். ஆரம் 96 பிக்சல் என்றால் வட்டத்துக்கும் பாலிகனுக்கும் இடையே அதிகபட்ச இடைவெளி அரை பிக்சலுக்கும் குறைவு. 12 முனை வைத்தால் அது 3 பிக்சலைத் தாண்டும். திரையில் வட்டமாக வரைந்திருந்தால், வெளிச்சத்தில் நிற்பதுபோலத் தெரிந்தும் ஆள் விழுவான். பிறகு கோடோவின் ஜியாமெட்ரி2டி-யிலுள்ள இன்டர்செக்ட் பாலிகன்ஸ் மூலம் விளக்கும் சுவரும் ஒன்றுசேரும் பகுதியை வெட்டி எடுத்து, அந்தத் துண்டை மோதல் வடிவமான கொலிஷன்பாலிகன்2டி-க்குக் கொடுங்கள். பல விளக்குகளை முதலில் ஒன்றாக இணைக்காதீர்கள். வளையம்போல அமைந்தால் நடு ஓட்டை தனிப் பாலிகனாகத் திரும்பி வரும், கவனிக்காவிட்டால் அதுவும் திடப்பொருளாகிவிடும். விளக்குக்கு விளக்கு தனித்தனியாக வெட்டுங்கள். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தாலும் கெடுதல் இல்லை. 4 சதுர பிக்சலுக்குக் குறைந்த சில்லுகளைத் தூக்கி எறிந்துவிடுங்கள். அவைதான் பாலிகனைப் பிரிக்கும்போது பிழை தருபவை.

சுவர் ஒளியைத் தடுக்க வேண்டுமா? இந்த விதிக்குக் கூடாது. தடுத்தால் சுவரின் மேல்தோல் மட்டும்தான் ஒளிபெறும், அந்த மெல்லிய தகட்டைத் துளைத்துக்கொண்டு ஆள் விழுந்துவிடுவான். ‘கான்ட்ராஸ்ட்’ போல நிழலே மேடையாகும் விளையாட்டுக்குத்தான் அந்தத் தடுப்புக் கணக்கு வேண்டும்.

கையில் விளக்கோடு குதிப்பதுதான் அதிகம் படுத்தும். விளக்கு காலுக்கு 20 பிக்சல் மேலே, ஆரம் 30 என்றால் காலுக்குக் கீழே 10 பிக்சல்தான் வெளிச்சம். நொடிக்கு 900 பிக்சல் வேகத்தில் விழுபவன், நொடிக்கு 60 ஃபிரேம் (படம்) என்றால், ஒரு ஃபிரேமுக்கு 15 பிக்சல் இறங்குகிறான். தரை 12 பிக்சல் தூரத்தில் இருக்கும்போது வெளிச்சம் படாததால் அது இன்னும் இல்லை. அடுத்த ஃபிரேமில் கால் 3 பிக்சல் தரைக்குள். நகர்வை 5 பிக்சல் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் முன் விளக்கைப் புதுப்பித்தால் இது தீரும்.

இருட்டுச் சுவருக்குள் ஆள் நிற்கும்போது அங்கே மீண்டும் வெளிச்சம் பட்டால்? உடம்பில் பாதி வரை சுவருக்குள் என்றால் அருகிலுள்ள வெற்றிடத்துக்குத் தள்ளுங்கள், அதற்கு மேல் என்றால் அந்த லெவலை மீண்டும் தொடங்குங்கள். கதவைத் திறக்கும் சாவி போன்றவை இருட்டில் விழுந்து தொலையும் என்பதால் மீள்தொடக்கப் பொத்தான் எப்படியும் தேவை.

வெளிச்சத்தின் ஓரம் மங்கி மறைவது பார்க்க நன்றாக இருக்கும், விளையாட ஆகாது. எந்தப் பிக்சலில் தரை முடிகிறது என்று ஆட்டக்காரருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். மங்கலை உள்பக்கம் வைத்து, விளிம்பை 1 பிக்சல் கூர்மையாக வரையுங்கள். அந்த உள் மங்கலிலும் கஞ்சத்தனம் வேண்டாம்: 255-க்கு 128 என்று கொடுத்த நிறம் திரையில் முழு வெளிச்சத்தின் 22 சதவீதம்தான்.

ஃபோனுக்குச் செய்கிறீர்கள் என்றால் பெங்களூரு மெட்ரோவின் பர்ப்பிள் லைனில் இந்திரா நகரிலிருந்து மெஜஸ்டிக் வரை பகலில் விளையாடிப் பாருங்கள். எம்.ஜி. ரோடு வரை மேம்பாலத்து வெயில், கப்பன் பார்க்கில் வண்டி நிலத்துக்கடியில். தானியங்கி பிரைட்னஸ் மாறும் அந்த நேரத்தில் ஓரக்கோடு கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்து, தெரியாவிட்டால் நிறத்தைக் கூட்டுங்கள்.